வண்டியின் எடை போக

டான்யூப் மூடுபனி ஏறி வந்து
கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற
ஒரு செவ்வாய்க்கிழமை
தெமேனுகா உள்ளே வந்தாள்.
ரூசே துறைமுகத்தில் லாரிகளுக்கு எடைபோடுகிறவள்.
பூட்ஸ் முழுக்கச் சோளத் தூசி.

மடிக்கணினியைத் தொடவில்லை.
விலைச்சீட்டைத்தான் வாசித்தாள்:
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது லெவா.
"இதில் பெட்டிக்கு எவ்வளவு,
பெட்டிக்குள் ஏற்றி வைத்திருப்பதற்கு எவ்வளவு?"

பதினோரு வருஷமாக இந்தக் கல்லாவில் நிற்கிறேன்.
நிறம் கேட்பார்கள், தவணை கேட்பார்கள்,
பை சும்மா தருவீர்களா என்பார்கள்.
இதை ஒருவரும் கேட்டதில்லை.
"எல்லாம் சேர்ந்துதான் வரும்,
திறந்தால் தானே வணக்கம் சொல்லும்" என்றேன்.

"வணக்கம் வேண்டாம்.
சரக்கோடு லாரி மேடையேறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் லாரி ஏறும், அதையும் எழுதுவேன்.
கழிக்காமல் ஒரு மூட்டைக்குக்கூட
நான் கையெழுத்துப் போட்டதில்லை."

கிடங்கில் ஒன்று கிடந்தது ஞாபகம் வந்தது.
பள்ளிக்கூடம் ஒன்று கேட்டுவிட்டுக் கைவிட்ட சரக்கு,
இயங்குதளம் இல்லாதது.
அதை வாங்கியவர் யாருமில்லை.
தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தேன்.
கம்பிக்கோட்டை ஸ்கேன் செய்தால்
அதே ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது.

தெமேனுகா சிரிக்கவில்லை.
"இல்லாததற்கும் விலையா?"

முதலாளி க்ரஸ்தியோவுக்கு போன் போட்டேன்.
பின்னணியில் பனிச்சறுக்குக் கூச்சல்.
இல்லாததை எப்படிக் கழிப்பது என்று கத்தினார்.
எடைமேடைக்காரி கையை நீட்டி போனை வாங்கினாள்.
நான் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன்.
என்ன பேசினாளோ,
திரும்பி வந்த போனில் முதலாளியின் குரல்
ஆறிய காப்பி மாதிரி இருந்தது:
"நூற்றி எண்பது குறைத்துப் போடு."

பில்லில் எழுதச் சொன்னாள்.
இயங்குதளம்: இல்லை.
அந்த வரியை அடிக்க எங்கள் மென்பொருளில் இடமில்லை.
பேனாவால் எழுதி முத்திரை குத்தினேன்.

பிறகு அங்கேயே முடுக்கினாள்.
கறுப்புத் திரை.
இடது மூலையில் ஒரு கோடு
தோன்றி மறைந்து, தோன்றி மறைந்து.
விசைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்,
புள்ளி செத்த இடம் உண்டா என்று
கன்னத்தைத் திரையோடு வைத்துச் சாய்ந்து பார்த்தாள்.
"இதுதான் வெறும் வண்டி" என்று மூடினாள்.

அன்று இரவு என் வீட்டுக் கணினி
புதுப்பிக்க வேண்டும் என்றது.
இப்போதேயா, ஒரு மணி நேரம் கழித்தா?
வேண்டாம் என்பதற்குப் பொத்தான் தேடினேன்.
விளிம்பெல்லாம் தேடினேன்.
ஒரு மணி நேரம் கழித்து என்று அமுக்கிவிட்டு
தூங்காமல் கிடந்தேன்.

பத்து நாள் கழித்து வந்தாள்.
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
கேபிள் வேண்டுமாம்.
"மற்றதெல்லாம் ஓடுகிறது,
வயர்லெஸ் மட்டும் என்னோடு பேச மாட்டேன் என்கிறது."
சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.
எதை ஏற்றினீர்கள் என்று கேட்டேன்.
யார் யாரோ ஊர் ஊராக உட்கார்ந்து
சும்மா கொடுத்தது என்றாள்.
பல்கேரிய மொழி அதில் அரைகுறை.
காத்திருக்கச் சொல்ல வேண்டிய இடத்தில்
"நில்" என்று அதட்டியதாம்.
திருத்தி எழுதி அனுப்பினாளாம்.
"அடுத்த முறையிலிருந்து
எல்லோரிடமும் 'பொறுங்கள்' என்று சொல்லும்."
முப்பது டன் லாரியை எடைபோட்டுவிட்டு
எழுந்து நிற்கிறவள் மாதிரி சொன்னாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துக் கொடுத்தேன்.
உறையைக் கிழித்து
கல்லா மேசைமேல் விரித்து
அங்கேயே முழம் போட ஆரம்பித்தாள்.
பின்னால் வரிசையில் நாலு பேர்.
ஒருவர் இருமினார்.

"ஒரு சாண் குறைகிறது" என்றாள்.

குறைந்துதான் இருந்தது.